எதிர் நாற்காலிக்கு ஒரு மெயில்

போன சனிக்கிழமை மதியம் அந்த அறையில் இருந்தவர்கள்:

ராஜசேகர் சார். ஹெச்.ஆர். மேனேஜர். தஞ்சாவூர்ப் பக்கம். ஆள் எடுப்பது, லீவு, கேன்டீன், பஸ் எல்லாம் அவர் கையில். சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

சதீஷ். கம்பெனி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். கோவில்பட்டிக்காரர். தன் கல்யாணத்துக்கு லீவு கேட்டுப் போட்ட மெயிலுக்கே பதில் வராதவர்.

வெங்கடேசப்பா. எங்களுக்கு பஸ் விடும் கான்ட்ராக்டர். வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவர்.

ரத்னம்மா. அசெம்ப்ளி லைனில் வேலை. ஊர் கெலமங்கலம். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

நான். எலக்ட்ரீஷியன். ஏசி நின்றால் கூப்பிடுவார்கள். நின்றிருந்தது.

ஆறாவது... பெட்டி.

பெட்டி என்று நாங்கள் சொல்வது மெயில் சர்வரை. ஓசூரில் ஃபேக்டரி ஆரம்பித்த காலத்தில் வந்தது. எனக்கு சீனியர். ஹெச்.ஆர். ஆபீசின் மூலையைக் கண்ணாடி வைத்துத் தடுத்து அதற்கு அறை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு லாக்கர்கூட இல்லை. அதற்குத் தனி ஏசி.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதன் நெற்றியில் சந்தனம் வைப்போம். பொட்டு மேல் பொட்டாகி இப்போது அடை மாதிரி தடித்துவிட்டது. பிரஸ் மெஷினுக்குக்கூட இத்தனை மரியாதை கிடையாது. காரணம் இருக்கிறது. பிரஸ் மெஷின் எப்படி ஓடுகிறது என்று எங்களில் சிலருக்குத் தெரியும். பெட்டி எப்படி ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததைத்தானே கும்பிடுவோம்?

அதன் வேலை என்னவோ எளிதுதான். யார் மெயில் போட்டாலும் முதலில் பெட்டிக்கு வரும். பெட்டி விலாசத்தைப் பார்க்கும். இந்த ஆள் ஓசூரா, பெங்களூரா, வெளி ஆளா... பார்த்து அந்தந்தப் பக்கம் தள்ளிவிடும். பஸ் ஸ்டாண்டில் 'கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம்' என்று கத்திக் கத்தி ஏற்றிவிடுவாரே ஒருவர் - அவர் வேலைதான். கத்தல் மட்டும் கிடையாது.

சரி, ஆறு பேரும் எதற்குக் கூடினோம்? ஒரு பஸ்ஸுக்காக.

தேன்கனிக்கோட்டையிலிருந்து எங்கள் கம்பெனிக்கு ஒரு பஸ் வருகிறது. கெலமங்கலம் சுற்றி வரும். முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. கெலமங்கலத்தில் பதினாலு பெண்கள் ஏறுவார்கள். எல்லாரும் ஒரே லைன்.

பெங்களூர் ஹெட் ஆபீசுக்கு ஆலோசனை சொல்ல ஒரு கூட்டம் வந்தது. மேப்பை விரித்தார்கள். பஸ் வளைந்து போவதைக் கண்டுபிடித்தார்கள். மத்திகிரி வழியாக நேராக விட்டால் டீசல் மிச்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நேராக்கியாயிற்று. மேப்பில் பார்த்தால் கோடு அழகாகத்தான் இருந்தது. கோட்டின் மேல் பதினாலு பேர் இல்லை, அவ்வளவுதான்.

'கெலமங்கலம் ஊழியர்கள் மத்திகிரி ரோடு பிக்அப் பாயின்ட்டுக்கு வந்து ஏறிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி மட்டும் போட்டிருந்தார்கள். விடிகிறதுக்கு முன்னால், டவுன் பஸ் இல்லாத நேரத்தில், அத்தனை தூரம் எப்படி வருவது? அதற்கு வரி இல்லை. பறந்து வரலாம் என்று நினைத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை ரத்னம்மா மேனேஜரைப் பார்த்தார். கும்பலாகப் போகவில்லை. தனியாகப் போனார். நான் அப்போது அங்கே டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கெழமையில இருந்து நாங்க வர மாட்டோம் சார். நாங்க வர்றோம்னாலும் எங்கூட்டுல விட மாட்டாங்க. லைனுக்கு வேற ஆள் பாத்துக்குங்க."

அவ்வளவுதான் பேச்சு. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

மேனேஜர் கெட்டவரில்லை. அன்றே பெங்களூரோடு பேசினார். வெள்ளிக்கிழமை மறுபடி பேசினார். சாயங்காலம் சரி என்று வாங்கிவிட்டார். பழையபடி கெலமங்கலம் சுற்றியே பஸ் வரலாம். இனி கான்ட்ராக்டருக்குத் தெரிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

கான்ட்ராக்டர் ஒரு கெடு வைத்திருந்தார். நேர்வழிக்கு ஆள் குறைவு, சின்ன வண்டி போதும். பெரிய வண்டியை சூளகிரியில் வேறொரு கம்பெனி கேட்டிருக்கிறது. சனிக்கிழமை அஞ்சு மணிக்குள் மெயில் வந்தால் பெரிய வண்டி கெலமங்கலம் போகும். வராவிட்டால் சூளகிரி போய்விடும். போனால் வருஷத்துக்கும் அங்கேதான்.

சனிக்கிழமை மதியம் வேறு வேலையாக வெங்கடேசப்பா கம்பெனிக்கு வந்தார். வந்தவரை மேனேஜர் எதிர் நாற்காலியில் உட்காரவைத்தார். லேப்டாப்பைத் திறந்தார். டைப் அடித்தார். அனுப்பினார்.

"போயிடுச்சு. பாருங்க."

வெங்கடேசப்பா போனைப் பார்த்தார். "வரலீங்களே."

இங்கேதான் ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். மறுபடி அனுப்பினார். வரவில்லை. போனை அணைத்துப் போட்டார். வரவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். மெயில் என்ன, மைனாவா? சதீஷைக் கூப்பிட்டார்கள். ஏசியும் அந்நேரம் பார்த்து நின்றது. என்னையும் கூப்பிட்டார்கள்.

நான் ஏணி மேல் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். கேட்டுவிட்டேன்.

"சார், அவரு எதுத்தாப்புலதான உக்காந்திருக்காரு. வாயில சொல்லிடுங்களேன்."

"சொல்லிட்டேனே முனிராஜ். அவருக்குத் தெரியும்."

"தெரியுங்க" என்றார் வெங்கடேசப்பா. "மெயிலு வரணும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. முன்னே ஒரு முறை பண்டிகைக்கு ஸ்பெஷல் பஸ் விடச் சொல்லி வாயால் சொன்னார்கள். விட்டார். பில் போட்டபோது 'மெயில் எங்கே?' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அவருக்குக் காது கேட்பதில்லை. கண் மட்டும்தான்.

ஒரு பேப்பரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுக்கலாமே என்றேன். கொடுக்கக் கூடாதாம். நாங்கள் பேப்பர்லெஸ் ஆபீஸ். அதற்கு சர்டிஃபிகேட் வாங்கியிருக்கிறோம். அந்த சர்டிஃபிகேட்டை நல்ல கெட்டிப் பேப்பரில் அடித்து, ஃப்ரேம் போட்டு, மேனேஜர் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறது. ஆணி அடித்தது நான்தான்.

வாட்ஸ்அப்? அது ரெக்கார்டு ஆகாது. அவருடைய சொந்த மெயிலுக்கு? வெளி விலாசத்துக்கு அனுப்புவது பாலிசிக்கு விரோதம். கம்பெனி கொடுத்த விலாசத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

என் பாக்கெட்டில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். சும்மா இருக்க முடியாமல் அந்த நாற்காலிக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவே அளந்து பார்த்தேன். ஏழு அடி. மேனேஜர் கேட்டார், என்ன அளக்கிறாய் என்று. ஏசி காற்று வீசும் தூரம் என்று சொல்லிவிட்டேன்.

சதீஷ் பெட்டிக்குள் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் ஹெட் ஆபீஸ் புது மெயிலுக்கு மாறிவிட்டது. அது எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று கேட்டால் கிளவுடு என்கிறார்கள், மேலே கையைக் காட்டுகிறார்கள். ஓசூர் ஆட்கள் விலாசம் எல்லாம் அங்கே ஏறிவிட்டது. 'இனி எல்லாரும் பெங்களூர்தான், எது வந்தாலும் அங்கே தள்ளு' என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கான்ட்ராக்டர்கள் விலாசத்தை மேலே ஏற்ற மறந்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் என்றாலே கடைசியில்தானே ஞாபகம் வரும்?

ஆக, மேனேஜர் மெயில் போடுகிறார். பெட்டி பார்க்கிறது. 'வெங்கடேசப்பாவா? பெங்களூர்' என்று தள்ளுகிறது. பெங்களூர் பார்க்கிறது. 'இப்படி ஒருத்தர் இங்கே இல்லை. ஓசூர்' என்று திருப்புகிறது. பெட்டி மறுபடி பார்க்கிறது. 'வெங்கடேசப்பாவா? பெங்களூர்.'

எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இது புதிதா? தமிழ்நாட்டு எல்லை ஜூஜூவாடியில் கேட்டால் அந்தப் பக்கம் போ என்பார்கள். கர்நாடக எல்லை அத்திப்பள்ளியில் கேட்டால் இந்தப் பக்கம் வா என்பார்கள். லாரிக்காரர் நடுவில் டீ குடிப்பார். மெயிலுக்கு டீயும் கிடையாது.

"எத்தினி நேரம் இப்டிச் சுத்தும்?" என்று கேட்டார் ரத்னம்மா.

"ஒரு அளவு இருக்குக்கா. அதத் தாண்டிட்டா, முடியலன்னு அனுப்புனவங்களுக்கே திரும்பி வந்துரும்" என்றார் சதீஷ்.

முதல் மெயில் அப்படித்தான் திரும்பி வந்தது. நீளமாக, இங்கிலீஷில். மேனேஜர் பார்த்துவிட்டு, "ரிப்ளை வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டார்.  கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று சதீஷ் விட்டுவிட்டார்.

பிறகு சதீஷ் ஒரு காரியம் செய்தார். வெங்கடேசப்பா பேருக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் மெயில்களையும், இனி வருகிறவற்றையும் பெட்டியிலேயே பிடித்து நிறுத்திவைத்தார். வழி சரியானதும் மொத்தமாகத் திறந்துவிடலாம் என்று கணக்கு.

"மெயில் சுத்தாம நின்னுருச்சு சார். இனி வழிய மாத்தணும். அதுவரைக்கும் நீங்க எதுவும் அனுப்பாதீங்க."

மேனேஜர் தலையாட்டினார். சும்மா உட்கார்ந்திருக்கும் மேனேஜரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

எந்த மெயில் எந்தப் பக்கம் என்று பெட்டிக்குச் சொல்ல ஒரு ஃபைல் இருக்கிறது. முன்னே வேலை பார்த்தவர் எழுதிவைத்தது. சதீஷ் திறந்தார். முதல் வரியிலேயே, 'இதைத் தொடாதே. தொட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு' என்று எழுதி ஒரு போன் நம்பரும் இருந்தது. கூப்பிட்டார். அந்த நம்பரில் இப்போது மாலூரில் ஒரு தக்காளி மண்டிக்காரர் இருக்கிறார். அவர் கன்னடத்தில் இன்றைய விலையைச் சொன்னார்.

பெங்களூருக்கு போன் போட்டார். 'டிக்கெட் போடு' என்றார்கள். டிக்கெட் என்றால் புகார். மெயிலில்தான் போட வேண்டும். மெயில் ரிப்பேர் என்று மெயிலில் சொல்ல வேண்டும். சொன்னார். பெங்களூருக்குப் போகும் மெயில் மட்டும் ஒழுங்காகப் போனது. பதிலும் உடனே வந்தது. மூன்று வேலை நாளுக்குள் கவனிப்பார்களாம்.

கடைசியில் சதீஷ் துணிந்து அந்த ஃபைலைத் தொட்டார். வெங்கடேசப்பா விலாசம் ஓசூரிலேயே நிற்கட்டும் என்று ஒரு வரி எழுதினார். சோதித்துப் பார்க்கத் தன் விலாசத்தையும் அதில் சேர்த்தார். தனக்கே ஒரு சோதனை மெயில் போட்டுப் பார்த்தார். அது 'பெங்களூர்' என்று புறப்பட்டுவிட்டது.

மறுபடி பார்த்தார். எழுதியது சரி. மறுபடி போட்டார். பெங்களூர்.

பெட்டியை ஒரு முறை அணைத்துப் போடலாமா என்று மேனேஜர் கேட்டார். சதீஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. அணைக்கலாம். திரும்ப எழுந்திருக்கும் என்பதற்கு யார் ஜாமீன்? சந்தனம் வைத்த கையால் நானும் அணைக்கச் சம்மதிக்கவில்லை.

இதற்கிடையே வெளியே வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 'அனுப்பாதீங்க' என்று சொன்னால் கேட்பாரா? மேனேஜர் அனுப்பிக்கொண்டே இருந்தார். போகவில்லை என்றால் இன்னும் அழுத்தி அனுப்ப வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. ஒவ்வொரு முறையும் காப்பி போடும் ஆட்களைக் கூட்டினார். பிளான்ட் ஹெட்டுக்குக் காப்பி. பெங்களூர் ஹெச்.ஆருக்குக் காப்பி. அவருக்கு மேலே இருப்பவருக்குக் காப்பி. எதிரில் இருக்கிறவருக்கு மட்டும் போகவில்லை. மற்ற எல்லாருக்கும் போனது.

மேலே இருக்கிறவர் பார்த்துவிட்டார். சனிக்கிழமை மதியத்தில் மெயில் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான் போலும். போன் வந்தது. 'பஸ் ரூட்டை மாற்ற உங்களுக்கு யார் சொன்னது? என் டேபிளுக்கு வரவே இல்லையே?'

மேனேஜர் எழுந்து நின்று பேசினார். போனில் தெரியுமா என்ன... ஆனாலும் நின்றார். வைத்துவிட்டு, 'மறு உத்தரவு வரும் வரை கெலமங்கலம் ரூட்டை நிறுத்திவைக்கவும்' என்று ஒரு மெயில் போட்டார். மேலிடம் கேட்டதால் அந்த நேர்கோட்டு மேப்பையும் அதில் சேர்த்தார். அதுவும் பெட்டியில் போய் நின்றது.

ரத்னம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பதினாலு வீட்டுக்கும் அவர்தான் பதில். மதியம் 'வண்டி வருது' என்று சொல்லிவிட்டிருந்தார். இப்போது 'கொஞ்சம் இருங்க' என்றார். யாரோ கன்னடத்தில் கேட்க, கன்னடத்திலும் அதையே சொன்னார். குரலில் மாற்றம் இல்லை. புடவைத் தலைப்பை மட்டும் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலிடத்திலிருந்து மறுபடி போன். வெள்ளிக்கிழமை சம்மதம் கொடுத்தவர் அவரிடம் விளக்கிவிட்டாராம். ஓடட்டும் என்றார். மேனேஜர், 'முந்தைய மெயிலை ரத்து செய்து, பஸ்ஸை ஓட்டவும்' என்று அடுத்த மெயில் போட்டார். அதுவும் பெட்டிக்குள்.

ரத்னம்மா மறுபடி போன் போட்டார். "வருதுங்கண்ணா. வருது." எதிர்ப்பக்கம், பதினாலு பேரில் ஒருத்தியான மஞ்சுளாவின் மாமனார். அவர் பேசியது ஏணி வரைக்கும் கேட்டது. மதியத்திலிருந்து மூணு தடவை மாத்தி மாத்திச் சொல்றாங்க, ஒரு வண்டிக்கே இந்தப் பாடு, அந்தக் கம்பெனியை நம்பி எப்படி இருட்டில் அனுப்புறது... ரத்னம்மா கேட்டுக்கொண்டார். "திங்கக்கெழம அனுப்பிப் பாருங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

நாலு மணி தாண்டிவிட்டது. சதீஷ் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். நாம் எழுதுகிற ஃபைலைப் பெட்டி படிப்பதில்லை. அதை அரைத்து வேறொரு ஃபைலாக ஆக்கித் தர வேண்டும். அரைத்ததைத்தான் அது படிக்கும். சதீஷ் எழுதினாரே தவிர அரைக்கவில்லை. அரிசியை ஊறப்போட்டுவிட்டு இட்லி எங்கே என்று தேடினால் எப்படி?

அரைத்தார். சோதனை மெயில் போட்டார். அது பெங்களூர் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. ஓசூரிலேயே நின்றது.

"சரியாயிருச்சு சார். திறந்துவிடட்டுமா?"

"விடுப்பா."

திறந்துவிட்டார்.

வெங்கடேசப்பா போனில் ஒரு சத்தம் வந்தது. அடுத்து ஒன்று. அடுத்து மளமளவென்று... கோவில் மணி மாதிரி நிற்காமல் அடித்தது. பெட்டியில் நிறுத்திவைத்த அத்தனையும் வந்து இறங்கியது. மேனேஜர் முகத்தில் மறுபடி சந்தோஷம். ரத்னம்மா சுருட்டிய தலைப்பை விட்டார். நான் ஏசிக்கு கெப்பாசிட்டர் மாற்றி முடித்திருந்தேன். காற்றும் வந்தது. எல்லாம் கூடிவந்த மாதிரி இருந்தது.

வெங்கடேசப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசி மெயிலுக்கு வந்தார். படித்தார். மறுபடி படித்தார். எழுந்தார்.

"நிறுத்தச் சொல்லி வந்திருக்குதுங்க சார். அப்ப நான் சூளகிரிக்கே விட்டுடறேன்."

பெட்டிக்கு ஒரு குணம் உண்டாம். சதீஷ் அப்புறம் சொன்னார். நிறுத்திவைத்ததைத் திறந்துவிட்டால் வந்த வரிசையில் அனுப்பாது. சின்ன மெயிலை முதலில் விடும். கனமானதைக் கடைசியில் விடும். நிறுத்தச் சொன்ன மெயிலில் மேப் இருந்தது. நேர்கோடு கனம். ஆகவே அது எல்லாருக்கும் பின்னால் வந்து இறங்கிவிட்டது.

"அது பழசுங்க. அதுக்கப்புறம்தான் ஓட்டச் சொல்லிப் போட்டேன்" என்றார் மேனேஜர்.

"இருக்கலாங்க. எனக்கு இது இப்பத்தான வந்துச்சு. கடைசியா வந்த மெயிலுதான் சார் கணக்கு."

"மேலே டைம் போட்டிருக்கும், பாருங்க."

"அத எல்லாம் நான் எதுக்குங்க பாக்கணும்? நாளைக்கு பில்லு பாக்கறவங்க கடைசி மெயிலத்தான பாப்பாங்க?"

 பில் பார்ப்பது மேனேஜர் டிபார்ட்மென்ட்தான். கடைசி மெயிலைத்தான் பார்ப்பார்கள்.

வெங்கடேசப்பா கதவு வரை போய்விட்டார். அப்போது ரத்னம்மா எழுந்தார். அன்று முழுக்க அவர் அந்த மனிதரிடம் நேராகப் பேசவில்லை. இப்போதுதான் பேசினார்.

"அண்ணா, உங்க பொண்ணு அந்த வண்டியில வந்தா, மெயிலு பாத்துட்டு இருப்பீங்களா?"

வெங்கடேசப்பா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"பாப்பேம்மா. எம்பொண்ணு டிகிரி படிச்சிருக்கா. மெயிலு இல்லாம வண்டி எடுத்தா அவளே திட்டுவா."

சொன்னாரே தவிர, போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அஞ்சு ஆகறதுக்கு இன்னும் இருக்குது. ஒண்ணே ஒண்ணு போடுங்க சார். ஒரே வரி. காப்பி கீப்பி வேணாம்."

மேனேஜர் ஒரே வரி போட்டார். மேப் இல்லை. காப்பி இல்லை. மேலிடம் இல்லை. அனுப்பும் பட்டனை அழுத்தி விரலை எடுப்பதற்குள் எதிர் நாற்காலியில் மணி அடித்தது.

வெங்கடேசப்பா படித்தார். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார்.

"வந்துடுச்சுங்க."

"சரி, ரிப்ளை போட்டுடுங்க" என்றார் மேனேஜர்.

"இங்கதான சார் இருக்கறேன். சரின்னு சொல்லிட்டேனே."

"ரெக்கார்டுக்கு."

வெங்கடேசப்பா ஒற்றை விரலால் ரிப்ளை அடித்தார். மேனேஜருக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் போய்த்தான் வந்தது. அதற்கு அந்த வழி ஒழுங்காக இருந்தது. கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் டிரைவருக்கு போன் போட்டார். அவரிடம் வாயாலேயே சொன்னார். டிரைவர் வாயாலேயே சரி என்றார். அங்கே மட்டும் பெட்டி இல்லை.

இதை எல்லாம் வீட்டுக்குப் போய் யோசித்தேன்.

அந்த அறையில் யாருக்காவது விஷயம் தெரியாமல் இருந்ததா? இல்லை. யாராவது பஸ் வேண்டாம் என்றார்களா? இல்லை. மேனேஜர் ஓட்டு என்கிறார், கான்ட்ராக்டர் ஓட்டுகிறேன் என்கிறார். நடுவில் ஏழு அடி. அதைக் கடக்க ஒரு மதியம் ஆயிற்று.

மெயில் எதற்கு? சேதி சொல்லவா? சேதி எப்போதோ போய்விட்டது. நாளைக்கு எவனாவது 'யார் சொன்னது?' என்று கேட்டால் காட்டுவதற்கு. நம் ஆபீஸ்களில் பாதி மெயில் கேட்காத அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே எழுதுகிற பதில்தான். உங்கள் ஆபீசில் எப்படியோ... எங்கள் ஆபீசில் மீதிப் பாதி, அந்தப் பதிலுக்குப் போடும் காப்பி.

சதீஷைப் பாராட்டி மேனேஜர் ஒரு மெயில் போட்டார். வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். கல்யாண லீவுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை எனக்கும் முதல் ஷிஃப்ட். கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். இருட்டு கலையவில்லை. தேன்கனிக்கோட்டை பஸ் வந்தது. பெரிய வண்டிதான். கெலமங்கலம் போர்டு போட்டிருந்தது. வெங்கடேசப்பா சொன்ன சொல்... தப்பு, வந்த மெயில் காப்பாற்றிவிட்டார்.

தேன்கனிக்கோட்டை ஆட்கள் முதலில் இறங்கினார்கள். பின்னால் கெலமங்கலம் பெண்கள். ரத்னம்மா கடைசியாக இறங்கினார். என்னைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு லைனுக்குப் போனார். மஞ்சுளாவைக் காணோம்.

பதினாலு பேருக்காக ஓடிய மெயில். இறங்கிய கெலமங்கலம் பெண்களை எண்ணினேன்.

பதினொன்று.